வீடு வீடாகப் பாடியது வீழ்ச்சி அல்ல

ஜேர்மன் பாடகர் குந்தர் காப்ரியேல் 2017 ஜூன் 22ஆம் தேதி ஹனோவர் நகரில் இறந்தார். வயது 75. பிறந்தநாளை ஒட்டி ஒரு கல் படிக்கட்டில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைகள் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் நான் படித்த ஜேர்மன் பத்திரிகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னன: எழுபதுகளில் புகழ், பிறகு கடன், குடி, வீழ்ச்சி, கடைசியில் கொஞ்சம் மீட்சி. வீழ்ச்சிக்கு அடையாளமாக அவை காட்டியது 2007இல் அவர் தொடங்கிய வரவேற்பறைக் கச்சேரிகளை. பெரிய மண்டபங்களில் பாடிய மனிதர், கடன் அடைக்க யார் யாரோ வீட்டுச் சோபாவுக்கு முன்னால் கித்தாரோடு நின்றார் என்று இரக்கப்பட்டு எழுதினார்கள்.

அந்த இரக்கம் தவறான இடத்தில் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். ஜேர்மன் மொழியில் கன்ட்ரி இசை பாடிய இந்த வெஸ்ட்ஃபாலியாக்காரரின் தொழில் வாழ்வில் மிக நேர்மையான காலம் அந்த வரவேற்பறைகளில் கழிந்த காலம்தான். அதற்கு முன் அவர் பாடியவை யாருக்காகப் பாடப்பட்டன என்பதும் அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

அவர் பிறந்த ப்யூண்டே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில்தான் நான் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். எண்பதுகளில் அசூல், அதாவது அரசியல் தஞ்சம், கேட்டு வந்த ஈழத்தமிழர்களில் நானும் ஒருவன். முதலில் வேலை செய்ய அனுமதியே இல்லாத ஆண்டுகள். அனுமதி கிடைத்ததும் சமையலறை அலமாரி செய்யும் ஒரு தொழிற்சாலை. ஜேர்மனியின் சமையலறைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்தில்தான் செய்யப்படுகிறது. லோனே, ரோடிங்ஹவுசன், ஃபெர்ல் என்று ஊருக்கு ஊர் அலமாரித் தொழிற்சாலைகள். அறுத்த சிப் போர்டு பலகைகளுக்கு விளிம்புப் பட்டி ஒட்டும் இயந்திரத்தில் நின்றேன். சூடான பசையின் வாடை வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகாது. இரைச்சலுக்குக் காதுக்கவசம் கட்டாயம். பலர் வானொலி உள்ளேயே பொருத்திய கவசம் வைத்திருந்தார்கள். அதில் WDR நான்காம் அலைவரிசையில் பழைய ஜேர்மன் பாட்டுகள் நாள் முழுக்க ஓடும். ஒரு ஜேர்மன் பாட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எனக்கு விளங்கியது அந்தக் கவசத்துக்குள்தான். பாடியவர் காப்ரியேல். சுற்றி வளைக்காத வாக்கியங்கள், தெளிவான உச்சரிப்பு, கரகரத்த அடித்தொண்டைக் குரல். மொழி வகுப்பில் படித்த ஜேர்மனை விட, எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் பேசிய ஜேர்மனுக்கு அது நெருக்கமாக இருந்தது.

காப்ரியேல் பிறந்தது 1942 ஜூன் 11. குடும்பப் பெயர் காஸ்பெல்ஹெர். ப்யூண்டே அப்போது சுருட்டு ஊர். வீட்டுக்கு வீடு மேசையில் புகையிலை உருட்டிக் கூலி வாங்கிய பகுதி. அந்தத் தொழிலுக்கென்று இன்றும் அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நான்கு வயதில் தாயை இழந்தார். முரட்டுத் தகப்பனிடம் அடிவாங்கி வளர்ந்த கதையை 2009இல் வெளியான தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஆலையில் வேலை செய்தார், நடன விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றினார், பிறகு இசைத்தட்டு நிறுவனங்களின் வட்டாரத்துக்கு வந்தார். அவருடைய எழுத்துக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது இன்னொருவர் குரல். யூலியானே வெர்டிங் 1975இல் பாடிய பெரிய வெற்றிப்பாட்டை எழுதியவர் இவர்தான். சீட்டாட்டத்தில் ஆண்களைத் தோற்கடிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. ஜேர்மன் நடுத்தர வயதுக்காரர்கள் இன்றும் பியர்க் கொட்டகைகளில் பாடுகிறார்கள். எழுதியவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அமெரிக்க இசை இந்த நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் காப்ரியேல் செய்தது என்னவென்று தெரியும். அது வந்தது சிப்பாய்களோடு. பிற்காலத்தில் புகழ்பெற்ற அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி காஷ் 1951 முதல் 1954 வரை பவேரியாவில் லாண்ட்ஸ்பெர்க் விமானப்படைத் தளத்தில் சோவியத்துகளின் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்கும் வேலையில் இருந்தார். முதல் கித்தாரை அங்கேதான் வாங்கினார், கூட இருந்தவர்களைச் சேர்த்து ஒரு குழுவும் அமைத்தார். எல்விஸ் பிரெஸ்லி 1958 அக்டோபரில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறங்கி, 1960 மார்ச் வரை ஃப்ரீட்பெர்க் படைமுகாமில் பணியாற்றினார். அமெரிக்கப் படையினருக்கான ஏஎஃப்என் வானொலியைச் சிப்பாய்களை விட ஜேர்மன் இளைஞர்கள்தான் அதிகம் கேட்டார்கள் என்று என் மூத்த சகவேலையாட்கள் சொல்வார்கள். 1958இல் பெர்லின் விளையாட்டரங்கில் அமெரிக்க ராக் பாடகர் பில் ஹேலி பாடியபோது நாற்காலிகள் பறந்தன. பெரியவர்கள் அஞ்சினார்கள்.

ஜேர்மன் இசைத்தட்டு நிறுவனங்கள் உடனே நகல்களைத் தேடின. மியூனிக்கில் பேட்டர் க்ராவ்ஸ் கிடைத்தார். ஃபிராங்பர்ட்டுக்குப் பக்கத்தில் பாட் ஹோம்பூர்கில் வளர்ந்த ஒரு பையன் கிடைத்தான். டெட் ஹெரோல்ட் என்று பெயர் வைத்தார்கள், காப்ரியேல் பிறந்த அதே 1942இல் பிறந்தவர். எல்விஸ் பாட்டுகளை ஜேர்மனில் பாடவைத்து 'ஜேர்மன் எல்விஸ்' என்று விற்றார்கள். 1960இல் 'மூன்லைட்' பாட்டு விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. சில ஆண்டுகளில் ஹெரோல்ட் படைப்பணிக்குப் போய்த் திரும்பியபோது பீட்டில்ஸ் காலம் வந்துவிட்டது. அவர் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். எழுபதுகளின் கடைசியில் ராக் பாடகர் உடோ லிண்டன்பெர்க் கூப்பிட்டுத்தான் மறுபடி பெரிய மேடைக்கு வந்தார். 2021 நவம்பரில் டார்ட்மண்டில் வீட்டில் பற்றிய தீயில் இறந்தார். நல்ல குரல், துடிப்பான மனிதர். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட பாட்டுகளில் பாட் ஹோம்பூர்க் எங்கும் இல்லை. நிலவொளி உண்டு, முத்தம் உண்டு, ஒரு சம்பளப் பட்டியலோ பேருந்து நிறுத்தமோ கிடையாது. அது அவர் குற்றம் இல்லை. அந்த வயதுப் பையன்களிடம் என்ன பாட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காப்ரியேல் 1973இல் பாடிய முதல் பெரிய பாட்டு முப்பது தொன் டீசல் லாரி ஓட்டும் ஒருவனைப் பற்றியது. லாரிக்காரன் பாட்டு அமெரிக்க கன்ட்ரியில் தனி வகை. டேவ் டட்லி 1963இலேயே அதை நிலைநிறுத்திவிட்டார். ஆனால் காப்ரியேல் பாட்டில் ஓடிய வண்டி, ரூர் பகுதியிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வழியாக ஹனோவர் போகும் A2 நெடுஞ்சாலையில் நாங்கள் தினமும் பார்க்கும் வண்டி. ஹம்பர்க் பக்கத்து ட்ரக் ஸ்டாப் குழுவினர் சில ஆண்டுகள் கழித்து, இரவில் வண்டி ஓட்டும்போது டேவ் டட்லியைக் கேட்க ஏங்கும் ஒருவனைப் பற்றிப் பாடிப் பெரும் புகழ் பெற்றார்கள். எனக்குப் பிடித்த பாட்டுதான். அந்த ஏக்கம் தொலைவிலிருக்கும் அமெரிக்காவை நோக்கியது. காப்ரியேல் ஏங்கவில்லை. எதிரே இருந்த ஆளைப் பற்றிப் பாடினார்.

அடுத்து வந்தது 1974இன் 'ஹே பாஸ்'. முதலாளியின் முகத்துக்கு நேராக நின்று, எனக்கு இன்னும் பணம் வேண்டும் என்று ஒரு தொழிலாளி கேட்கும் பாட்டு. அது வந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். 1973 இலையுதிர்காலத்தில் எண்ணெய் நெருக்கடி. நவம்பர், டிசம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கார் ஓட்டத் தடை. அந்த ஆகஸ்டில்தான் கொலோனில் ஃபோர்ட் ஆலையின் துருக்கித் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தையும் மீறி வேலையை நிறுத்தியிருந்தார்கள். நவம்பரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதையே அரசு நிறுத்தியது. 1974 பிப்ரவரியில் தொழிற்சங்கத் தலைவர் ஹைன்ஸ் க்லுங்கர் தலைமையில் பொதுத்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை அள்ளவில்லை, டிராம் ஓடவில்லை. பிரதமர் வில்லி பிராண்ட்டின் அரசு விரும்பாமலே 11 விழுக்காடு சம்பள உயர்வு கொடுத்தது. மறுவருடம் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. விலைவாசி ஏறி, எந்த ஆலை எப்போது மூடும் என்று தெரியாத இந்த இடைவெளியில்தான் ஒருவன் கித்தாரை வைத்துக்கொண்டு சம்பளம் கேட்டான்.

அறிவாளிகள் அந்தப் பாட்டை மதிக்கவில்லை. இடதுசாரிப் பாடகர்களுக்கு அதில் போதிய கோபம் இல்லை. ராக் விமர்சகர்களுக்கு அது ஷ்லாகர், அதாவது சனிக்கிழமைத் தொலைக்காட்சியில் வரும் இலகு பாட்டு. அவர் ஹிட்பராடே என்ற தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியில் தோன்றியது அந்த முத்திரையை உறுதி செய்தது. எனக்கோ, ஆலையில் நின்ற ஒருவனாக, அந்தப் பாட்டில் கோபம் குறைவாக இருந்ததுதான் அதன் பலமாகத் தெரிகிறது. சம்பளம் கேட்கப் போகிறவன் உரத்த குரலில் கோஷம் போடுவதில்லை. தொண்டையைச் செருமுகிறான். முதலாளியின் மனநிலையைப் பார்க்கிறான். கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லி வைக்கிறான். அந்தக் கூச்சத்தையும் துணிச்சலையும் ஒன்றாக அந்தக் குரலில் கேட்கலாம். எங்கள் ஆலையில் சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் மாதங்களில், மைஸ்டர், அதாவது மேற்பார்வையாளர், அந்தப் பக்கமாக நடந்து வந்தால் யாராவது ஒருவர் அந்த மெட்டை மூக்கால் முனகுவார். மைஸ்டரும் சிரித்துக்கொண்டே போவார். சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது. இருபது வருடம் பழைய பாட்டு ஒன்று, எழுத்து வடிவக் கோரிக்கை போய்ச் சேராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் சம்பளம் கேட்பது அவமானம் இல்லை என்று எனக்கு எந்தக் கூட்டத்தையும் விட அந்த முனகல்தான் சொன்னது.

அவரைத் தூய மனிதராகக் காட்ட நான் எழுதவில்லை. ஒரு பெண்ணைத் தன் போர்வைக்குள் அழைக்கும், 1975இல் வந்த அவருடைய போர்வைப் பாட்டு பெரும் வெற்றி, ஆனால் அதில் பெண்ணோடு பேசும் தொனி எனக்கு உவப்பானது அல்ல. நேர்காணல்களில் வாய்க்கு வந்ததைப் பேசுவார். நான்கு முறை திருமணம், நான்கு முறை பிரிவு. குடித்தார். கட்டடங்களில் முதலீடு செய்து கையிலிருந்ததை எல்லாம் இழந்தார். 2016இல் பிரபலங்களைக் காட்டில் விட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய், சில நாள்களில் தானாகவே வெளியேறினார். அந்த வயதில் அங்கே போயிருக்கவே கூடாது. ஹம்பர்க் ஹார்பூர்க் துறைமுகத்தில் ஒரு வீட்டுப்படகில் நீண்டகாலம் வாழ்ந்தார். பத்திரிகைகளுக்கு அது அழகான படம். கையில் வேறு வீடு இல்லாத மனிதருக்கு அது முகவரி.

2007இல் தொலைக்காட்சியில் அவர் சொன்னது இதுதான்: ஆயிரம் யூரோ தந்தால் உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வந்து பாடுவேன், வரும் காசில் கடனைக் கட்டுவேன். அழைப்புகள் குவிந்தன. வருடக்கணக்கில் அவர் நாடெங்கும் போய்ப் பாடினார்.

ஒரு வரவேற்பறைக் கச்சேரி எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் அதைச் சிறுமை என்று சொல்லமாட்டார்கள். வீட்டுக்காரர் சோபாவைச் சுவரோரம் தள்ளுகிறார். சமையலறை நாற்காலி, தோட்டத்து நாற்காலி, பக்கத்து வீட்டு நாற்காலி எல்லாம் வரிசைக்கு வருகின்றன. இருபத்தைந்து பேர் வந்தால் ஆளுக்கு நாற்பது யூரோ. ஒருவர் உருளைக்கிழங்குச் சாலட் கொண்டுவருவார், ஒருவர் பியர்ப் பெட்டி. ஒலிபெருக்கி வேண்டியதில்லை. மேடை விளக்கு இல்லை, புகை இல்லை, பின்னணிக் குழு இல்லை, பதிவு செய்த இசையும் இல்லை. பாடகருக்கும் முதல் வரிசைக்கும் இடையில் ஒரு கம்பளத்தின் அகலம். சுருதி விலகினால் எல்லோருக்கும் கேட்கும். வரி மறந்தால் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் தொலைக்காட்சி மேடையில் பின்னணி இசை ஒலிநாடாவிலிருந்து வந்தது. இங்கே மறைந்துகொள்ள ஒன்றுமில்லை. அறுபத்தைந்து வயதில் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய ஒருவருக்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும், ஆட்களும் பிடித்திருக்க வேண்டும்.

விலையையும் பாருங்கள். எங்கள் ஆலையிலிருந்து போகும் ஒரு சாதாரண சமையலறை பல ஆயிரம் யூரோ. அதே வீட்டுக்குள் அந்த மனிதர் ஆயிரம் யூரோவுக்கு வந்து பாடினார்.  ஆனால் அந்தத் தொகையை நிர்ணயித்தவர் அவர். இசைத்தட்டு நிறுவனமோ, கச்சேரி முகவரோ, தொலைக்காட்சி நிலையமோ நடுவில் இல்லை. முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்டுப் புகழ்பெற்றவர், கடைசியில் தன் கூலியைத் தானே சொல்லி, கேட்டவர்கள் கையிலிருந்தே அதை வாங்கினார். கடன்காரர்களிடமிருந்து ஓடி ஒளிய அவருக்கு வழிகள் இருந்திருக்கும். சம்பாதித்துக் கட்டுகிறேன் என்று ஊரறியச் சொன்னார். தொழிலாளிகள் நிறைந்த எங்கள் ஊரில் அதற்கு மரியாதை உண்டு.

வேறு வழியில்லாமல்தானே செய்தார் என்று சிலர் கேட்பார்கள். ஆம், வேறு வழியில்லாமல்தான். நான் முப்பது வருடம் பசைச் சூட்டில் நின்றதும் வேறு வழியில்லாமல்தான். தேவை தள்ளிய வேலை என்பதால் அந்த வேலையின் தரம் குறைந்துவிடாது. கலைஞன் என்றால் காசுக்கு அப்பாற்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, காசு இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களின் எதிர்பார்ப்பு. அவர்கள்தான் பெரும்பாலும் இரங்கல் கட்டுரைகளையும் எழுதுகிறார்கள்.

அந்த வரவேற்பறைகள் அவர் குரலையும் மாற்றின என்பது என் காது சொல்லும் தீர்ப்பு. அதற்கு முன்பே, 2003இல், ஜானி காஷின் பாட்டுகளை ஜேர்மனில் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார். டென்னசியில் காஷின் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போய்ப் பதிவு செய்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் காஷ் இறந்துபோனார். மரியாதையோடு செய்த தொகுப்பு, ஆனால் அதில் அவர் இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். 2009இல் வந்த 'ஸோன் ஆவ்ஸ் டேம் ஃபோல்க்' வேறு விதம். மக்களின் மகன் என்று பொருள். 'ஜேர்மன் ரெக்கார்டிங்ஸ்' என்று துணைத்தலைப்பும் உண்டு. காஷ் தன் முதுமையில் இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து 1994 முதல் செய்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' தொகுப்புகளை அது வெளிப்படையாகவே பின்பற்றுகிறது. முறை காஷுடையது. ஆனால் ஒரு முதிய மனிதன் பக்கத்து நாற்காலியில் இருந்து நம்மிடம் பேசுகிற அந்தத் தொனி வரவேற்பறைகளில் பழகியது. ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்' பாட்டை, நான் ஒன்றுமில்லாதவன் என்று ஜேர்மனில் அவர் பாடும்போது, இளைஞனின் காதல் ஏமாற்றம் மறைந்து, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒரு கதவைத் தட்டும் கிழவனின் பாட்டாக அது மாறுகிறது. அதற்குப் பிறகு பெர்லின் ரெனசான்ஸ் நாடக அரங்கில் பாடகி ஹெலன் ஷ்னைடரோடு காஷ் வேடத்தில் நடித்தார். அரங்கம் நிறைந்தது. அப்போதுதான் பத்திரிகைகள் 'மீட்சி' என்று எழுத ஆரம்பித்தன. மீட்சி அதற்கு முன்பே யாருடைய வீட்டிலோ, உருளைக்கிழங்குச் சாலட்டுக்குப் பக்கத்தில் நடந்து முடிந்திருந்தது.

இன்று ஜேர்மனியில் இளம் பாடகர்கள் பலர் வரவேற்பறைக் கச்சேரிகள் செய்கிறார்கள். அது நவீனமானது, நெருக்கமானது, இடைத்தரகர் இல்லாதது என்று பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். லாரிக்காரர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பாடிய ஒருவர் அதையே செய்தபோது மட்டும் ஏன் அது வீழ்ச்சி ஆனது என்று அந்தப் பத்திரிகைகள் ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். வானொலிகளும் அப்படியே. அவர் பெயர் வந்தால் போர்வைப் பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: 2009 தொகுப்பில் தொடங்குங்கள். ஜேர்மன் தெரியாவிட்டாலும் குரல் விளங்கும். பிறகு 1974க்குப் போய் 'ஹே பாஸ்' கேளுங்கள். அதையும் கேட்ட பிறகு, நேரமிருந்தால், வெர்டிங் பாடிய அந்தச் சீட்டாட்டப் பாட்டைத் தேடுங்கள். எழுதியவர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.